பாக்டீரியா ஏன் திமிங்கிலம் அளவுக்கு வளர்வதில்லை?

2022 ஜூனில் ஒரு அறிவியல் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், அலையாத்திக் காட்டில் அழுகிக் கிடந்த இலைகளின்மேல், வெறும் கண்ணுக்கே தெரியும் பாக்டீரியா ஒன்று வளர்கிறது. நீளம் சுமார் 1 சென்டிமீட்டர். பெயர் தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா. வழக்கமான பாக்டீரியாவைவிட இது ஆயிரக்கணக்கான மடங்கு நீளம்.

செய்தியைப் படித்த பலருக்கும் அடுத்து எழுந்த கேள்வி நியாயமானது. ஒரு சென்டிமீட்டர் முடியும் என்றால் ஒரு மீட்டர் ஏன் முடியாது? நீலத் திமிங்கிலம் 25 மீட்டர் வளர்கிறதே, ஒற்றைச் செல் உயிருக்கு மட்டும் யார் எல்லை போட்டது?

எல்லை போட்டது மரபணு இல்லை, இயற்பியல். ஒரு உயிரின் உடலுக்குள் உணவும் ஆக்ஸிஜனும் எப்படி நகர்கின்றன என்ற ஒரே கேள்வியிலிருந்து மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கடல் பாலூட்டிக்கு நீலத் திமிங்கிலத்தையும், பாக்டீரியாவுக்கு நம் குடலில் வாழும் ஈ. கோலியையும் எடுத்துக்கொள்கிறேன். ஈ. கோலி கடல்வாசி இல்லை. ஆனால் அதன் நீச்சலும் உணவும் பெருக்கமும் அளந்து தீர்க்கப்பட்ட அளவுக்கு வேறு எந்த பாக்டீரியாவுக்கும் அளக்கப்படவில்லை.

முதலில் அளவுகள்

1. நீளம். ஈ. கோலி 2 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 500 செல்களை வரிசையாக வைக்கலாம். திமிங்கிலம் 25 மீட்டர். விகிதம் 1.25 கோடி மடங்கு.

2. நிறை. ஈ. கோலி ஏறத்தாழ 1 பிக்கோகிராம். ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. திமிங்கிலம் 100 டன். விகிதத்தை எழுத 1-க்குப் பின் 20 பூஜ்யங்கள் வேண்டும்: பத்து லட்சம் கோடி கோடி மடங்கு.

3. மேற்பரப்பு. இரண்டையும் உருளைகளாக வைத்துக் கணக்கிடுவோம். திமிங்கிலத்தின் ஒவ்வொரு கன மீட்டர் உடலுக்கும் சுமார் 1.7 சதுர மீட்டர் தோல் கிடைக்கிறது. ஒரு கன மீட்டர் நிறைய ஈ. கோலிகளை எடுத்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 5 சதுர கிலோமீட்டர். 30 லட்சம் மடங்கு வேறுபாடு.

4. மரபணு. புரதத்துக்கான மரபணுக்கள் ஈ. கோலியில் சுமார் 4,300. திமிங்கிலத்தில், மற்றப் பாலூட்டிகளைப் போலவே, சுமார் 20,000. ஐந்து மடங்குகூட இல்லை.

நான்காவது எண்ணை மற்ற மூன்றோடு சேர்த்துப் பாருங்கள். நிறை பத்து லட்சம் கோடி கோடி மடங்கு ஏறியபோது, அதைக் கட்டுவதற்கான மரபணுக்களின் எண்ணிக்கை ஐந்து மடங்குக்குள் நின்றுவிட்டது. மூன்றாவது எண்தான் கட்டுரையின் மீதிப் பகுதியை நடத்தப்போகிறது.

விரவல்: மூலக்கூறு தானாக நகரும் வேகம்

தண்ணீரில் ஒரு துளி மை விட்டால், கலக்காமலே அது பரவுகிறது. இதுதான் விரவல். மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதி, திசையின்றி அலைந்து, கூட்டம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போய்ச்சேர்கின்றன. இதற்கு எந்தச் செலவும் இல்லை. பிரச்சினை ஒன்றுதான்: தூரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும்; தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும்.

ஆக்ஸிஜன், சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளுக்குத் தண்ணீரில் ஆகும் நேரம் தோராயமாக:

- 1 மைக்ரோமீட்டர்: ஒரு வினாடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு
- 100 மைக்ரோமீட்டர்: 5 வினாடி
- 1 சென்டிமீட்டர்: 14 மணி நேரம்
- 1 மீட்டர்: 16 ஆண்டு

ஈ. கோலிக்குள் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் ஒரு மூலக்கூறு இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை போய்வந்துவிடும். ஆகவே அதற்கு இதயம் வேண்டாம், ரத்தம் வேண்டாம், நுரையீரல் வேண்டாம். அந்த வசதிகள் இல்லாத "எளிய உயிர்" என்று அதைச் சொல்வது தவறு. அதன் அளவில் அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

அதே செல்லை 25 மீட்டருக்கு ஊதிப் பெரிதாக்கினால், தோலில் புகுந்த ஆக்ஸிஜன் நடுப்பகுதியைத் தொட ஆண்டுகள் ஆகும். நடுப்பகுதி அதற்குள் செத்து அழுகிப்போயிருக்கும். கேள்விக்கான நேரடி விடை இவ்வளவுதான்.

அப்படியென்றால் குவாதலூப் பாக்டீரியா எப்படி ஒரு சென்டிமீட்டரை எட்டியது? ஏமாற்றித்தான். அது ஒரு நீண்ட இழை. அதன் பருமனில் முக்கால் பங்கு நடுவில் உள்ள நீர்ப்பை. உயிர்ப்பொருள் முழுவதும் வெளிச்சுவரை ஒட்டி மெல்லிய படலமாக விரிந்திருக்கிறது. ஒரு மரபணுத் தொகுதியை மட்டும் ஓரிடத்தில் வைத்திருந்தால் அங்கிருந்து புரதங்கள் இழையின் மறுமுனைக்குப் போக நாளாகும் என்பதால், லட்சக்கணக்கான பிரதிகளை நீளம் முழுக்கச் சிறு பைகளில் பரப்பி வைத்திருக்கிறது. எங்கே தேவையோ அங்கேயே தயாரிப்பு. வெளித்தோற்றத்தில் பெரிதானாலும், விரவல் கடக்க வேண்டிய தூரத்தை அது சில மைக்ரோமீட்டரிலேயே நிறுத்திவிட்டது.

திமிங்கிலம் செய்ததும் அதேதான்

திமிங்கிலத்தின் செல்கள் பெரியவை அல்ல. சுண்டெலியின் கல்லீரல் செல்லையும் திமிங்கிலத்தின் கல்லீரல் செல்லையும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவை வைத்து அடையாளம் சொல்வது கடினம். மனித உடலின் செல் கணக்கை நிறைக்கு ஏற்ப உயர்த்தினால், 100 டன் திமிங்கிலத்தில் ஏறத்தாழ 400 கோடி கோடி செல்கள் இருக்கும். உடல் பெரிதாவது செல்லின் எண்ணிக்கையால். செல்லின் அளவால் இல்லை.

அந்தச் செல்களில் பெரும்பாலானவற்றிலிருந்து 100 மைக்ரோமீட்டருக்குள், உழைக்கும் தசையில் அதைவிட நெருக்கமாக, ஒரு ரத்த நுண்குழாய் ஓடுகிறது. மேலே உள்ள பட்டியலில் அந்தத் தூரத்துக்கு 5 வினாடி. திமிங்கிலம் விரவலை வெல்லவில்லை. ஓடும் ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் செல்லின் வாசல்வரை கொண்டுவந்து, கடைசித் துளித் தூரத்தை மட்டும் விரவலிடம் விட்டிருக்கிறது. உள்ளிருந்து பார்த்தால் ஒவ்வொரு செல்லும் பாக்டீரியாவின் உலகில்தான் வாழ்கிறது.

இதற்கான விலை பெரிது. 2014-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் ஒதுங்கிய ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயம் டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 180 கிலோ. உயிருள்ள நீலத் திமிங்கிலத்தின் இதயத் துடிப்பு முதன்முதலாக 2018-இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், உறிஞ்சுக் கிண்ணங்களால் உடலில் ஒட்டிய கருவியால் பதிவானது. ஜெரமி கோல்ட்போகன் குழு 2019-இல் வெளியிட்ட முடிவு: ஆழத்தில் மூழ்கியிருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 2 வரை இறங்குகிறது, மேலே வந்து மூச்சு வாங்கும்போது 25 முதல் 37. மேல் எல்லையில் அந்த இதயம் தன் முழுத் திறனையும் கொட்டுகிறது என்பதே அவர்களின் கணிப்பு. நீலத் திமிங்கிலத்தைவிடப் பெரிய விலங்கு உருவாகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆக மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை: பாக்டீரியாவை விரவல் தடுக்கிறது, திமிங்கிலத்தைப் பம்பு தடுக்கிறது.

ஒரே தண்ணீர், இரண்டு திரவங்கள்

நீந்துவதில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். நீந்தும் உடலுக்குத் தண்ணீர் இரண்டு வகையில் எதிர்ப்புத் தரும். ஒன்று நிலைமம்: விலக்கித் தள்ளப்படும் தண்ணீரின் கனம். மற்றொன்று பாகுநிலை: தண்ணீரின் ஒட்டும் தன்மை. இந்த இரண்டில் எது எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். நீளத்தை வேகத்தால் பெருக்கி, திரவத்தின் இயக்கப் பாகுநிலையால் (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த எண்) வகுத்தால் கிடைக்கும்.

வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும் 25 மீட்டர் திமிங்கிலத்துக்கு இது சுமார் 5 கோடி. வினாடிக்கு 30 மைக்ரோமீட்டர் நீந்தும் ஈ. கோலிக்கு 0.00006. திமிங்கிலத்துக்கு ஒட்டும் தன்மை பொருட்டில்லை, ஈ. கோலிக்கு நிலைமம் பொருட்டில்லை.

ஈ. கோலியின் நிலையை விளக்க, வெல்லப்பாகில் மனிதன் நீந்துவதுபோல என்று சொல்வது வழக்கம். அது போதவே போதாது. பாகில் வினாடிக்கு ஒரு மீட்டர் நகரும் மனிதனின் ரெனால்ட்ஸ் எண்கூட நூறைத் தாண்டும். பாக்டீரியாவின் உலகம் அதைவிடப் பல லட்சம் மடங்கு ஒட்டலானது. இதன் விளைவுகள் மூன்று.

1. சறுக்கிச் செல்வது கிடையாது. திமிங்கிலம் வாலை நிறுத்தினாலும் பல மீட்டர் முன்னே போகும். ஈ. கோலி உந்துவதை நிறுத்தினால், 1977-இல் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் கணக்கிட்டபடி, ஒரு அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும். நின்றுவிட மைக்ரோவினாடிகூட ஆகாது.

2. துடுப்பு வேலை செய்யாது. முன்னும் பின்னும் ஒரே பாதையில் ஆடும் எந்த உறுப்பும், முன்னே தள்ளிய அளவு பின்னே இழுத்துவிடும். வேகமாகத் தள்ளி மெதுவாக இழுத்தாலும் கணக்கு பூஜ்யம்தான். திமிங்கிலத்தின் வால் மேலும் கீழும் அடித்து, பெருமளவு தண்ணீரைப் பின்னோக்கி எறிந்து முன்னேறுகிறது. எறியப்பட்ட தண்ணீர் தொடர்ந்து ஓடுவதால்தான் அது நடக்கிறது. பாக்டீரியாவின் உலகில் எறிந்த தண்ணீர் உடனே நின்றுவிடும். ஆகவே ஈ. கோலி திருகாணி வடிவக் கசையிழைகளைச் சுழற்றுகிறது. செல்சுவரில் பதிந்த மோட்டார் வினாடிக்கு நூறு சுற்று அளவில் சுழல்கிறது. இடஞ்சுழியாகச் சுழன்றால் எல்லா இழைகளும் ஒரே கற்றையாகச் சேர்ந்து உந்தும். ஒன்றிரண்டு வலஞ்சுழியாக மாறினால் கற்றை பிரிந்து செல் புரளும்.

3. நீந்தி உணவு சேர்க்க முடியாது. செல்லைச் சுற்றியுள்ள தண்ணீர் அதோடு ஒட்டிக்கொண்டே நகர்கிறது. உணவு மூலக்கூறு அந்த உறையை விரவலால் கடந்துதான் வர வேண்டும். நகர்வதால் பத்து சதவீதம் கூடுதல் உணவு வேண்டுமென்றால் வினாடிக்கு 700 மைக்ரோமீட்டர் வேகம் தேவை என்று பர்செல் காட்டினார். ஈ. கோலியால் அதில் இருபதில் ஒரு பங்குகூட முடியாது.

அப்படியென்றால் எதற்காக நீந்துகிறது? உணவு அதிகமுள்ள இடத்தைத் தேடி. இங்கும் அளவு குறுக்கே நிற்கிறது. 2 மைக்ரோமீட்டர் உடலின் முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டை அளப்பது மிகக் கடினம். ஆகவே அது இடத்தை விட்டுக் காலத்தை ஒப்பிடுகிறது: சுமார் ஒரு வினாடி நேராக ஓடும், பத்தில் ஒரு வினாடி புரளும், புதிய திசையில் மறுபடி ஓடும். சில வினாடிக்கு முன் இருந்ததைவிட இப்போது சர்க்கரை அதிகமென்றால் புரள்வதைத் தள்ளிப்போடும். ஓட்டத்தை வெகுவாக நீட்டவும் முடியாது. தண்ணீர் மூலக்கூறுகளின் மோதலே பத்து வினாடிக்குள் அதன் திசையைத் திருப்பிவிடும். இந்த ஓட்டத்தையும் புரளலையும் 1972-இல் ஹோவர்ட் பெர்க், தானே செல்லைத் துரத்தும் நுண்ணோக்கி ஒன்றைக் கட்டி அளந்தார். மூளையில்லாத ஒரு செல், நினைவை வைத்துத் திசை கண்டுபிடிக்கிறது. அளவு போட்ட தடைக்கு இதைவிட அழகான விடை எனக்குத் தெரியவில்லை.

திமிங்கிலம் ஏன் பாக்டீரியாவைத் தின்பதில்லை

கடல்நீரில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 5 லட்சம் செல்கள். ஒரு பெரிய நீலத் திமிங்கிலம் வாயைத் திறந்து பாயும்போது, தொண்டை மடிப்புகள் விரிந்து, சுமார் 80 கன மீட்டர் தண்ணீர் உள்ளே புகுகிறது. கணக்குப் போட்டால் அந்த ஒரு வாய்த் தண்ணீரில் 40 லட்சம் கோடி பாக்டீரியாக்கள்.

பிரமிப்பான எண். ஆனால் கடல் பாக்டீரியாக்கள் ஈ. கோலியைவிடச் சிறியவை; ஒரு செல்லில் உள்ள கார்பன் 10 முதல் 20 ஃபெம்டோகிராம் (ஆயிரம் ஃபெம்டோகிராம் ஒரு பிக்கோகிராம்). அத்தனையையும் வடித்தெடுத்தாலும் ஒரு கிராம் கார்பன் தேறாது. வாயைத் திறந்து 80 டன் தண்ணீரை வேகப்படுத்தச் செலவான ஆற்றலில் மிகச் சிறு பங்குதான் திரும்பும். திமிங்கிலத்தின் வாயில் வடிகட்டியாகத் தொங்கும் பலீன் தகடுகளின் இழைகள், கிரில் என்ற சென்டிமீட்டர் அளவுள்ள இறால் போன்ற உயிர்களைப் பிடிக்கும்; பாக்டீரியா வந்த வழியே வெளியேறிவிடும். கிரில் கூட்டம் அடர்த்தியாக இருந்தால் அதே ஒரு பாய்ச்சலில் நான்கு லட்சம் கிலோகலோரிக்கு மேல் கிடைக்கலாம். பாக்டீரியாவின் கார்பனைத் திமிங்கிலம் உண்ணத்தான் செய்கிறது, ஆனால் பாக்டீரியாவைத் தின்னும் சிறு உயிர்கள், அவற்றைத் தின்னும் கிரில் என்ற இடைத்தரகர்கள் வழியாக.

திரும்பிப் போகும் வழியும் உண்டு. தென்பெருங்கடலின் பல பகுதிகளில் நுண்பாசி வளரத் தடையாக இருப்பது இரும்புப் பற்றாக்குறை. திமிங்கிலக் கழிவில் இரும்பின் செறிவு, சுற்றியுள்ள கடல்நீரைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு என்று 2010-இல் அளந்தார்கள். செத்து ஆழ்கடல் தரையில் விழுந்த திமிங்கிலத்தின் எலும்புக் கொழுப்பை பாக்டீரியாக்கள் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அதை எரிபொருளாக்கும் வேறு பாக்டீரியாக்களை நம்பி ஒரு தனிச் சமூகமே பல பத்தாண்டுகள் வாழ்கிறது.

வெப்பமும் வேகமும்

ஓய்வில் உள்ள பாலூட்டியின் ஆற்றல் செலவு, நிறையின் முக்கால் அடுக்கோடு உயர்கிறது (நிறை பத்தாயிரம் மடங்கானால் செலவு ஆயிரம் மடங்கே ஆகும்) என்பது 1932-இல் மாக்ஸ் கிளைபர் வகுத்த விதி. அதை 100 டன்னுக்கு நீட்டினால் சுமார் 19 கிலோவாட் வருகிறது, கிலோவுக்கு 0.2 வாட். மனிதனுக்குக் கிலோவுக்கு 1.2 வாட். நல்ல உணவில் வேகமாகப் பெருகும் ஈ. கோலிக்கோ கிலோவுக்குச் சில நூறு வாட்.

திமிங்கிலத்தின் ஒவ்வொரு கிலோவும் பாக்டீரியா வேகத்தில் எரிந்தால், 1.7 சதுர மீட்டர் தோல் வழியாக ஒரு கன மீட்டர் உடலின் வெப்பம் வெளியேறவே முடியாது, வெந்துபோகும். ஈ. கோலிக்கு எதிர்ப் பிரச்சினை: தன் உடலைச் சுற்றியுள்ள தண்ணீரைவிட ஒரு டிகிரிகூடச் சூடாக வைத்திருக்க அதால் இயலாது. ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தை வெப்பம் வினாடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடுகிறது. குளிர்ந்த கடலில் 36, 37 டிகிரி உடல்சூட்டோடு வாழ்வது பெரிய உடலுக்கே சாத்தியம்.

ஈ. கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது பாடப்புத்தக எண். 67 முறை இரட்டித்தால் ஒரு திமிங்கிலத்தின் நிறை. அதாவது 22 மணி நேரம் போதும். ஏன் அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வகத்தில் யாரும் பார்க்கலாம்:

1. முதலில் ஆக்ஸிஜன் தீர்கிறது. 37 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. அடர்ந்த வளர்ப்பில் அது சில வினாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் காலி. அதனால்தான் குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் (செல்களுக்கான உணவுத் திரவம்) ஊற்றுவதில்லை. நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் குலுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

2. பிறகு கழிவு. சர்க்கரை மிகுந்தால் ஈ. கோலி அசிட்டேட்டை வெளியேற்றுகிறது. அது சேரச்சேர வளர்ச்சி மட்டுப்படும். சர்க்கரையை மொத்தமாகக் கொட்டாமல் சொட்டுச்சொட்டாக ஊட்டுவது இதற்குத்தான்.

3. கடைசியில் வெப்பம். குடுவையில் இது தெரியாது. ஆனால் 1 லட்சம் லிட்டர் தொழிற்சாலைத் தொட்டியில், அடர்ந்த வளர்ப்பு லிட்டருக்கு 10 முதல் 20 வாட் வெளியிடும். மொத்தம் 1 முதல் 2 மெகாவாட். குளிர்நீர்க் குழாய்ச் சுருள் இல்லையென்றால் வெப்பநிலை ஏறி, செல்களே செத்துவிடும்.

அந்தத் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு திமிங்கிலத்தின் பருமன். அதில் என்னென்ன பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: திரவத்தைச் சுழற்ற விசிறி, காற்றைச் செலுத்தத் துளைக்குழாய், வெப்பத்தை எடுக்கக் குளிர்ச்சுருள், அளந்து ஊட்டும் பம்பு. இதயம், நுரையீரல், வெப்பத்தை வெளிவிடும் வால்துடுப்பு, குடல். பாக்டீரியாக்களைத் திமிங்கிலம் அளவுக்குக் குவித்தால் திமிங்கிலத்தின் உறுப்புகள் அத்தனையும் எஃகில் செய்து தர வேண்டியிருக்கிறது. தேவை எந்த உயிரினம் என்பதிலிருந்து வரவில்லை, எவ்வளவு பெரிய குவியல் என்பதிலிருந்து வருகிறது.

எதில் ஒன்று

இயற்பியல் பிரித்து வைத்ததை வேதியியல் சேர்த்தே வைத்திருக்கிறது. இரண்டிலும் மரபுச் செய்தி டிஎன்ஏ-வில், ஏறத்தாழ ஒரே மரபுக் குறியீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டிலும் புரதத்தைக் கட்டுவது ரைபோசோம். இரண்டிலும் ஆற்றல் நாணயம் ஏடிபி.

இதில் மிக நெருக்கமான உறவு மைட்டோகாண்ட்ரியா. திமிங்கிலத்தின் செல்லுக்குள் ஏடிபி தயாரிக்கும் இந்த உறுப்பு, நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு செல்லுக்குள் குடியேறிய ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல். இன்றும் அதற்குத் தனி வட்ட டிஎன்ஏ இருக்கிறது, அதில் 37 மரபணுக்கள். ஈ. கோலி தன் செல்படலத்தின் இருபுறமும் புரோட்டான் வேறுபாட்டை உண்டாக்கி, அந்த அழுத்தத்தால் ஏடிபி செய்கிறது, கசையிழையையும் சுழற்றுகிறது. திமிங்கிலத்தின் வால் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா செய்வதும் அதே புரோட்டான் வேலை.

இது வெறும் தத்துவம் அல்ல, மருந்தகத்தில் உணரலாம். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்றவை பாக்டீரியாவின் ரைபோசோமில் பற்றிக்கொள்கின்றன; பாலூட்டிச் செல்லின் பொது ரைபோசோம் அமைப்பில் வேறுபட்டது என்பதால் தப்பிக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமோ பாக்டீரியாவின் சாயல் கொண்டது. அதனால் சில ஆன்டிபயாட்டிக்குகள் அதையும் தொடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபு மாற்றம் உள்ளவர்களுக்கு ஜென்டாமைசின் வகை மருந்துகள் காதுகேளாமையை உண்டாக்குவது இந்தப் பழைய உறவால்தான்.

செல்பிரிதலிலும் ஒரு பாடம் உண்டு. பாக்டீரியாவில் எந்தச் செல் வேகமாகப் பிரிகிறதோ அதுவே வெல்லும். திமிங்கிலத்தில் ஒரு செல் அப்படி நடந்தால் அதற்குப் பெயர் புற்றுநோய். மனிதனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் செல்கள் கொண்ட உடலில், பல பத்தாண்டு வாழ்நாளில், புற்றுநோய் தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும். ஆனால் அப்படி இல்லை. ரிச்சர்ட் பீட்டோவின் பெயரால் அழைக்கப்படும் இந்த முரண், பெரிய உடல் கட்டுவதற்குப் பம்பு மட்டும் போதாது, செல்களை அடக்கிவைக்கும் காவலும் வேண்டும் என்று காட்டுகிறது.

ஒப்பிடும்போது நேரும் பிழைகள்

1. பாக்டீரியாவை "பழையது", திமிங்கிலத்தை "புதியது" என்பது. இன்றைய ஈ. கோலிக்கும் திமிங்கிலத்துக்கும் பின்னால் இருக்கும் பரிணாம வயது ஒன்றே. திமிங்கில வழி நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்; அதன் பாக்கிஸ்தான், காஷ்மீர்ப் புதைபடிவங்கள் புகழ்பெற்றவை. இன்றைய 31 ஆண்டுத் தலைமுறை இடைவெளியை வைத்து (முன்னோருக்கு அது குறைவாகவே இருந்திருக்கும்) அந்தக் காலத்துக்கு 16 லட்சம் தலைமுறை. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய ஈ. கோலி பரிணாமச் சோதனையில் நாளுக்கு 6.6 தலைமுறை, அந்த வேகத்தில் அதே எண்ணிக்கைக்கு 660 ஆண்டு போதும்.

2. கிளைபர் விதியை பாக்டீரியா வரை நேர்கோட்டில் நீட்டுவது. பாலூட்டிகளுக்கு வகுத்த கோடு அது; பாக்டீரியாக்களின் புள்ளிகள் அதில் உட்காருவதில்லை.

3. 20 நிமிடத்தை எல்லா பாக்டீரியாவுக்கும் பொருத்துவது. அது 37 டிகிரி, செறிந்த ஊடகம், நிறைய காற்று என்ற நிலையில் ஈ. கோலியின் உச்ச வேகம். நம் குடலுக்குள்ளேயே அது அதைவிட மெதுவாகத்தான் பெருகுகிறது.

மீண்டு வருவதற்கு ஆகும் காலம்

அளவு வேறுபாட்டின் மிகக் கனமான விளைவு இதுதான். இதில் தவறினால் உயிரினமே போய்விடும்.

அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலங்கள் வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 இருந்தன என்று மதிப்பிடப்படுகிறது. 1973 வாக்கில் எஞ்சியவை சுமார் 360. ஏறத்தாழ 660-இல் ஒன்று. ஒரு ஈ. கோலி வளர்ப்பில் 660-இல் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொன்றால், பத்துக்கும் குறைவான இரட்டிப்பில், மூன்று மணி நேரத்தில் பழைய எண்ணிக்கை வந்துவிடும். மருத்துவர் ஆன்டிபயாட்டிக்கை அவர் சொன்ன நாள்வரை எடுக்கச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

திமிங்கிலத்துக்கு ஒரு குட்டி. வயிற்றில் 10 முதல் 12 மாதம், பால்குடி ஆறேழு மாதம், அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு. மதிப்பிடப்பட்ட பெருக்கம் ஆண்டுக்கு 7.3 சதவீதம். அந்த வேகம் ஒருநாளும் தளராமல் இருந்தாலும் 360-லிருந்து 2,39,000-ஐ எட்ட 92 ஆண்டு. 1998 கணக்கெடுப்பில் கிடைத்த மதிப்பு 2,280 மட்டுமே.

எனவே சிறிய கூட்டத்தில் ஆண்டுக்குச் சில திமிங்கிலங்கள் கூடுதலாகச் சாவதுகூட அந்த 7 சதவீதத்தை அரித்துவிடும். இலங்கையைச் சுற்றியுள்ள கடலில், மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் காணப்படும் நீலத் திமிங்கிலங்கள் அண்டார்க்டிக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. உருவில் சற்றுச் சிறிய வேறு கூட்டம். அவை இரைதேடும் இடத்தின் மேலேயே, தேவேந்திர முனைக்குத் தெற்கே, உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று செல்கிறது. கப்பல் மோதிச் சாவதைத் தவிர்க்க அந்தப் பாதையைத் தெற்கே 15 கடல் மைல் நகர்த்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தானாகவே தன் கப்பல்களை அப்படித் திருப்பியது. இது ஒரு நிறுவனத்தின் முடிவு. அந்தப் பாதையில் செல்லும் எல்லாக் கப்பல்களுக்கும் இதே விதி பொருந்தினால்தான் மோதல் அபாயம் பெருமளவு விலகும்.